பொன்னி வளநாடு – 1: வறுத்த விதை

வறுத்த விதை முளைக்காது. சட்டியில் சூடு கண்ட தானியம் பொரியாகலாம், மாவாகலாம். மண்ணுக்குள் போனால் மக்கித்தான் போகும். ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரி வளர்த்துக் கூடுதுறைத் தண்ணீரில் விடுகிற பவானிப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட விதையை மூட்டையாகக் கட்டி ஒருவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிவிட்டவர்கள் அவனுடைய சொந்தப் பங்காளிகள். வாங்கிக்கொண்டவன் பெயர் குன்னுடையான். சிறு வயதிலேயே அப்பனையும் ஆத்தாளையும் இழந்தவன். அந்நிய ஊரில் பல வருடம் மேய்ச்சலுக்குப் போய் வயிறு வளர்த்துவிட்டு, அப்போதுதான் பெண்டாட்டி தாமரையோடு சொந்த மண்ணுக்குத் திரும்பியிருந்தான். நிலம் இருந்தது, விதை இல்லை. கேட்டான், கொடுத்தார்கள். அது வறுத்தது என்று அவனுக்குத் தெரியாது.

அந்த மூட்டைக்குள் இருந்த வஞ்சம் ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை. குன்னுடையானுக்குப் பிறந்த இரண்டு மகன்கள் பதினாறு வயதில், வீரமலைக் காட்டில், தங்கள் வாளின் மேல் தாங்களே விழுந்து உயிரை விட்டார்கள். அவர்களை எந்த எதிரியும் வெல்லவில்லை. பிறகு ஏன் விழுந்தார்கள்?

இந்தத் தொடர் அந்தக் கேள்வியை நோக்கித்தான் போகிறது. ஆனால் அவர்கள் விழுந்த படுகளத்தில் இருந்து கதையைத் தொடங்கினால் ஒன்றும் விளங்காது. விதையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

*

அந்த இருவர்தான் பொன்னரும் சங்கரும். கொங்கு நாட்டில் ‘அண்ணன்மார் சாமி’ என்றால் இவர்களே. கலைஞர் கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ நாவல் வழியாக இவர்களை அறிந்தவர்கள் நிறையப் பேர். பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்து 2011-ல் வந்த படத்தின் வழியாக அறிந்தவர்களும் உண்டு. நாவலுக்கும் படத்துக்கும் பல தலைமுறைகள் முன்பே இவர்களைச் சாகவிடாமல் வைத்திருந்தது உடுக்கை.

கோயில் முன்னால் ஒரு திடல். இரவுச் சாப்பாடு முடித்துப் பாயும் போர்வையுமாக வந்து உட்கார்ந்த சனம். நடுவில் உடுக்கையோடு ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர். அரசனாகவும் அவரே பேசுவார், தாமரையாகவும் அவரே அழுவார், காட்டுப் பன்றியாகவும் அவரே உறுமுவார். பாதி வசனம், பாதி பாட்டு. ஒரே இரவில் முடிகிற கதை இல்லை இது. இரவுக்கு இரவு நீளும். ஒவ்வொரு இரவும் ஓர் இக்கட்டான இடத்தில் உடுக்கை நிற்கும். மறுநாள் சனம் தானாக வந்து சேரும். வாரப் பத்திரிகையில் ‘தொடரும்’ போடுகிற எங்களுக்கெல்லாம் முன்னோடிகள் அந்த உடுக்கைக்காரர்கள்தான்.

பவானிக்கும் இந்தக் கதைக்கும் நடுவில் ஓடுவது ஒரே ஆறு. கூடுதுறையில் பவானி ஆற்றைச் சேர்த்துக்கொண்டு தெற்கே இறங்கும் காவிரி ஈரோட்டையும் கொடுமுடியையும் கடந்து கிழக்கே திரும்பி, கரூர் எல்லையைத் தொட்டுக் குளித்தலைப் பக்கம் போகிறது. அங்கே ஆற்றுக்குத் தெற்கே, இன்றைய மணப்பாறை வட்டாரத்தில் இருக்கிறது வளநாடு. அதைத்தான் பாட்டு ‘பொன்னி வளநாடு’ என்கிறது. அதே வட்டாரத்தில் வீரமலை. பக்கத்தில் வீரப்பூர். அங்கே பெரியகாண்டியம்மன் கோயில். மாசி மாதம் கொங்கின் பல ஊர்களில் இருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போனது அன்றைய வழக்கம். இன்று வேனிலும் பஸ்ஸிலும் போகிறார்கள். அங்கே படுகளத்தில் நடப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆண்கள் அருள் வந்து, வெட்டுப்பட்டவர்களைப் போலச் சாய்ந்து கிடப்பார்கள். பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்து காவல் இருப்பார்கள். தங்காளின் வடிவாக வருபவர் தண்ணீர் தெளித்து அவர்களை ஒவ்வொருவராக எழுப்புவார். இந்தத் தங்காள் யார் என்பது இந்த வாரமே உங்களுக்குத் தெரிந்துவிடும். அவளால் என்ன ஆகப்போகிறது என்பதற்கு நீங்கள் பல வாரம் காத்திருக்க வேண்டும்.

*

இங்கே ஒரு பெரிய மலையைத் தாண்டிப் போய் வர உங்கள் அனுமதி வேண்டும்.

இமயத்துக்கு அப்பால் திபெத்தியர்கள் ஓர் அரசனைப் பாடுகிறார்கள். லிங் என்ற நாட்டின் மன்னன், பெயர் கேசர். அசுரர்களை அடக்கத் தேவலோகத்தில் இருந்து அனுப்பப்பட்டவன். பூமியில் பிறந்ததுமே சிற்றப்பன் த்ரோதுங் அவனைத் தீர்த்துக்கட்டப் பார்த்தான். முடியவில்லை. தாயோடு சேர்த்து ஊரை விட்டுத் துரத்தினார்கள். ஜோரு என்ற பெயரோடு அழுக்கும் கந்தலுமாக வனாந்தரத்தில் வளர்ந்தான் அந்தப் பையன். கடைசியில் ஒரு குதிரைப் பந்தயம்: வென்றவனுக்கு அரியணை, அத்தோடு அழகி ட்ருக்மோ. யாரும் மதிக்காத ஜோரு வென்றான், கேசர் ஆனான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில், ஒரு நல்ல குதிரையைச் சுற்றி ஆண்கள் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்த நமக்கு, ஒரு நாடு தன் அரசனைக் குதிரை மேல் வைத்துத் தேர்ந்தெடுத்ததில் வியப்பு இருக்காது.

கேசர் கதை உலகின் மிக நீண்ட வாய்மொழிக் காவியங்களில் ஒன்று. மங்கோலிய மொழியில் அது பெய்ஜிங்கில் 1716-லேயே அச்சாகிவிட்டது. ஆனாலும் அதன் உயிர் அச்சில் இல்லை, பாடகர்களிடம் இருக்கிறது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறு வயதில் ஒரு கனவு கண்டேன், விழித்தபோது பாட்டு எனக்குள் இருந்தது என்று சொல்லும் பாடகர்கள் உண்டு. 2009-ல் யுனெஸ்கோ இந்தப் பாடல் மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நம் லடாக்கிலும் கேசர் பாடப்படுகிறான். கல்ஸி என்ற ஊரில் தங்கியிருந்த பாதிரியார் பிராங்கே அந்தப் பாட்டை எழுதி எடுத்து, கல்கத்தாவில் அச்சேற்றினார். பௌத்தர்களோடு நிற்கவில்லை, பல்திஸ்தானத்து முஸ்லிம்களும் கேசரைத் தங்கள் வீரனாகப் பாடுகிறார்கள். ஒரு நல்ல கதை எந்த வேலியையும் மதிப்பதில்லை.

எதற்காக இவ்வளவு தூரம் போனேன் என்றால், வானத்தில் இருந்து வந்த பிறப்பு, சொந்த ரத்தத்தின் துரோகம், துரத்தப்பட்ட பிள்ளை, திரும்பி வந்த அரசு என்று இரண்டு கதைகளுக்கும் எலும்புக்கூடு ஒன்றாகவே இருக்கிறது. வேறுபடுவது சதை. கேசருக்கு ஆளும் உரிமையைத் தந்தது குதிரையின் கால். நம் கதையில் அதைத் தந்தது ஏர்க்கால். யார் காட்டைத் திருத்தினார்கள், யார் விதைத்தார்கள், யாருடைய காடு அழிந்தது என்ற கேள்விகள்தான் கொங்குக் கதைக்கு உயிர். கல்வெட்டில் அரசர்களின் தானம் இருக்கும்; பங்காளியிடம் விதைக்குக் கை நீட்டியவனின் அவமானம் இருக்காது. அதை உடுக்கைதான் எழுதி வைத்தது. அதனால்தான் இதை வரலாற்றுத் தொடர் என்று சொல்லி எழுதத் துணிகிறேன்.

*

கதை நம் கைக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும்.

1964-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்துக்கு ஓர் இளம்பெண் வந்து குடியிருந்தார். கனடாவைச் சேர்ந்த மானிடவியல் மாணவி பிரெண்டா பெக். கொங்குக் கிராமத்தின் வாழ்க்கையை ஆராய்ச்சி செய்ய வந்தவருடைய காதில் உடுக்கை விழுந்தது. 1965-ல், ராமசாமி என்ற பாடகர் இரவுக்கு இரவு பாடியதை டேப்பில் பதிவு செய்தார். அதே ராமசாமி, கதையை மறுபடி நிதானமாகச் சொல்ல, அதை எழுதியும் வாங்கினார். சனத்துக்கு முன்னால் பாடும்போது ஒரு கதை, எழுதுகிறவருக்குச் சொல்லும்போது கொஞ்சம் வேறு கதை! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் எழுதிய நூல் 1982-ல் வந்தது. பாட்டின் முழு வடிவத்தைத் தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992-ல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1971-ல், கவிஞர் சக்திக்கனல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைப் பதிப்பித்துவிட்டார். ஊருக்கு ஊர் கதையில் பெயர் மாறும், நிகழ்ச்சி மாறும். நான் பெரும்பாலும் ஓலப்பாளையத்துப் பாட்டின் தடத்தில்தான் போகப்போகிறேன்.

இனி வளநாட்டுக்குப் போவோம்.

*

குன்னுடையானுக்கு அப்பன் கோளாத்தாக் கவுண்டர். ஒன்பது பேராகப் பிறந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவர். காடு வெட்டி நிலமாக்கிய முதல் தலைமுறை. பஞ்சம் வந்தது, சோழ ராஜாவிடம் போய் வேலை செய்தார், ராஜாவின் மனம் குளிர்ந்து வளநாட்டின் காணி உரிமை கிடைத்தது. இவ்வளவையும் பாட்டு விரித்துப் பாடும். நான் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிற்கிறேன்.

கோளாத்தா கரும்பு வைத்தார். கரும்பைக் காக்கக் கூரிய இரும்பு முனைகளால் வேலி போட்டார். பச்சையைப் பார்த்துப் பாய்ந்த பசுக்கள் அந்த முனைகளில் குத்துப்பட்டு மாண்டன. சிவனிடம் முறையீடு போனது. உன் வம்சத்தில் பிள்ளை இருக்காது என்று சாபம் விழுந்தது.

ஓலப்பாளையம் இருப்பது காங்கேயம் மாட்டின் நாட்டில். அங்கே மேய்ச்சல் காட்டுக்குக் கொறங்காடு என்று பெயர். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும். அதைச் சுற்றி வேலி உண்டு, ஆனால் அது கிளுவை வேலி. உயிருள்ள செடி, தழைக்கிற வேலி. முள் உண்டு, ஆனால் மாட்டின் உயிரை எடுக்காது. தலைமுறை தலைமுறையாகக் கிளுவை நட்டு மாட்டைக் காத்த சனத்தின் நடுவில் உட்கார்ந்து, ‘இரும்பு வேலியில் பசு மாண்டது’ என்று ஒருவர் பாடினால் அந்தத் திடல் எப்படி உறைந்திருக்கும்! நிலத்தை மட்டும் பார்த்து மாட்டை மறந்தவனின் குற்றம் அது. உழவனின் பெருமையைப் பாட வந்த கதை, உழவனின் முதல் பாவத்தையும் மறைக்காமல் சொல்கிறது. இந்த நேர்மைக்காகவே நான் இந்தக் கதையை வணங்குகிறேன்.

சாபம் இருந்தும் சிவன் மனமிரங்கினார். ஒரு கற்குவியலின் மேல் பசு ஒன்று தானாகப் பால் சொரிவதைக் கோளாத்தா பார்த்தார். கல்லை விலக்கினால் உள்ளே ஓர் ஆண் குழந்தை. அதுதான் குன்னுடையான். பெற்றவர்கள் இல்லை, வளர்த்தவர்கள்தான் கோளாத்தாவும் அரியநாச்சியும். அவர்களும் சீக்கிரமே கண்ணை மூடினார்கள்.

பங்காளிகளுக்கு இது போதும். பிறந்த பிள்ளை இல்லை, கண்டெடுத்த பிள்ளை. இவனுக்கு என்ன பங்கு? சோற்றுக்கு அலைய விட்டார்கள், அடித்தார்கள். பையன் ஓடிப்போனான். போன இடத்தில் மேய்ச்சல் வேலை கொடுத்த வீட்டின் பெண்தான் தாமரை. அவளுடைய அண்ணன்மாருக்கு இந்தக் கல்யாணத்தில் துளியும் சம்மதம் இல்லை. மேய்ப்பனுக்குப் பெண்ணா? கட்டிய சேலையோடு அனுப்பினார்கள். தாமரை திரும்பிப் பார்க்கவில்லை. இவனுக்கு ஒரு நாடு இருக்கிறது என்று அவள்தான் முதலில் நம்பினாள். அதை அவனையும் நம்ப வைத்தாள். இருவரும் நடந்தே வளநாடு வந்து சேர்ந்தார்கள்.

*

குன்னுடையான் சூது அறியாதவன். பாட்டு அவனைக் கோழை என்று சொல்லவில்லை, வெகுளி என்கிறது. அந்த வீட்டில் யோசிக்கிற தலை தாமரையுடையது.

அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வானம் இருட்டியிருக்கிறது. இரண்டு உழவு மழை பெய்து மண் பதமாக இருக்கிறது. இன்று விதைக்காவிட்டால் இந்தப் பருவம் போச்சு. கம்போ சோளமோ, விதைத்தவசம் வீட்டில் இருந்தால்தானே? மானாவாரிக் காட்டுக்காரனுக்கு இதைவிடக் கொடுமையான காலை கிடையாது.

“ஏனுங்க, உங்க சித்தப்பா வீட்டுல கேட்டுப் பாக்கலாமுங்களா?”

“அவங்க குடுப்பாங்களா தாமரை?”

“விதைக்கு இல்லைன்னு சொன்ன ஊடு எங்கயாச்சும் உண்டுங்களா? கேளுங்க.”

அவள் சொன்னது சரிதான். தண்ணீருக்கும் விதைக்கும் இல்லை என்று சொல்வது எந்தக் குடியானவன் வாயிலும் வராத சொல். பகையாளி வந்து கேட்டாலும் விதை கொடுப்பார்கள். அறுவடையில் திருப்பித் தருவான் என்ற கணக்குக்காக இல்லை. விதை மறுத்த வீட்டில் விளைச்சல் தங்காது என்ற பயத்துக்காக.

பங்காளிகளும் இல்லை என்று சொல்லவில்லை. உள்ளே போனார்கள். சட்டியை அடுப்பில் வைத்தார்கள்.

ஊருக்கு முன்னால் கொடுத்த பேரும் வந்துவிடும்; காடு தரிசாகக் கிடக்கும்; இவன் தானாகக் கிளம்பிப் போய்விடுவான். கத்தி எடுக்கத் தேவையில்லை, ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாது. பங்காளிக் காய்ச்சல் என்று சொல்வோமே, அந்தக் காய்ச்சலின் உச்சம் இது. நான் படித்த போர்க் கதைகளில் ஆயிரம் தலை விழுந்த இடங்கள் உண்டு. அவற்றைவிட இந்தச் சட்டி எனக்குக் கொடியதாகத் தெரிகிறது. சாவைத் தானமாகக் கொடுத்த கை அது.

குன்னுடையான் வாங்கிப் போய் விதைத்தான். தாமரை பின்னால் நடந்தாள். இருவரும் விதைத்துவிட்டு மழையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பங்காளிகள் தங்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை.

பிறகு, அந்தக் காட்டில் பச்சை தெரிந்தது. மாயவர் அருள் என்கிறது பாட்டு; இந்தக் கதையில் திருமாலுக்கு அதுதான் பெயர். வறுத்த விதை முளைத்தது, வளர்ந்தது. விளைந்ததைப் பிரித்தபோது தானியத்துக்குப் பதில் மணிகள் மின்னின என்று பாடுகிறார்கள். அந்த மணிகளை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று: பஞ்ச காலத்தில் விதையைத் தின்றுவிட்டு, உறவு வீட்டு வாசலில் தலை குனிந்து நின்ற எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தைக் கேட்டு அழுதிருக்கும். இந்தப் பாட்டுக்கு அவர்கள்தான் சாட்சி.

*

நிலம் கிடைத்தது, விளைந்தது, சோழனிடம் மரியாதையும் வந்தது. பிள்ளை மட்டும் வரவில்லை. இரும்பு வேலியின் சாபம் பாக்கி இருந்தது.

வருடங்கள் ஓடின. அடுத்த வாரிசு இல்லாவிட்டால் நாடு தானாகத் தங்கள் கைக்கு வரும் என்று பங்காளிகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிள்ளை இல்லாதவள் என்ற ஒரு சொல்லால் தாமரையை எல்லாச் சடங்குகளிலும் பின்வரிசைக்குத் தள்ள முடிந்தது. ஆறுதல் தேடிப் பிறந்த வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே காவல்காரன் அவளை அடித்தான். அண்ணன்மார் வீட்டு வாசலில்! அங்கிருந்து அவள் திரும்பியபோது பழைய தாமரையாகத் திரும்பவில்லை.

தவத்துக்குக் கிளம்பினாள். கம்பத்தின் மேல் நின்று 21 வருடம் தவம் இருந்தாள் என்கிறது ஓலப்பாளையத்துப் பாட்டு. சிவன் அவளை ஏழு முறை கொன்றார், ஏழு முறை எழுப்பினார். ஒவ்வொரு முறை எழும்போதும் அவள் கேட்டது ஒன்றுதான். ஏழாவது சாவுக்குப் பிறகு சிவனுக்கே மறுக்க வழியில்லை. கேசரை வானத்துத் தெய்வங்கள் தாங்களாக அனுப்பினார்கள். பொன்னரையும் சங்கரையும் தெய்வங்களிடம் இருந்து ஒரு பெண் பிடிவாதத்தால் வாங்கி வந்தாள். கொங்கு நாட்டின் மிகப் பெரிய வீரச்செயல் எது என்று யாராவது கேட்டால், வீரமலைப் போரைச் சொல்ல மாட்டேன். தாமரையின் அந்த 21 வருடத்தைச் சொல்லுவேன்.

வரம் கிடைத்தது. பாண்டவர் அம்சமாக இரண்டு ஆண்கள். கன்னிமார் அம்சமாக ஒரு பெண். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: ஆண்கள் இருவருக்கும் ஆயுள் பதினாறுதான்.

தாமரை அதையும் வாங்கிக்கொண்டாள்.

*

தாமரை கர்ப்பம் என்ற சேதி பங்காளிகளுக்கு எட்டியபோது, வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த காலம் முடிந்தது. விதையை வறுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. இப்போது வயிற்றில் இருக்கும் விதையைப் பார்க்க வேண்டியதுதான்.

மருத்துவச்சியைக் கூப்பிட்டார்கள். பெண் பிறந்தால் விட்டுவிடு. ஆண் பிறந்தால் அங்கேயே முடித்துவிடு.

அவள் பிள்ளை எடுக்கப் போனாள். வெளியே குன்னுடையான், ஒன்றும் தெரியாத மனிதன், நடந்துகொண்டிருந்தான். வளவுக்கு வெளியே பங்காளிகள். உள்ளே வலி ஏறிக்கொண்டிருந்தது. திபெத்தில் த்ரோதுங் கேசருக்குக் குழி பறித்த அதே வேளை, அதே காரணம். ஆயிரம் மைலுக்கும் மேலான இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரண்டு சனங்கள், பிறந்த குழந்தைக்கு முதல் எதிரி அதன் சிற்றப்பன் வீட்டில்தான் இருப்பான் என்று பாடி வைத்திருக்கிறார்கள்.

அழுகைச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மருத்துவச்சியின் கையில் ஒரே ஒரு குழந்தை.

பெண்.

அருக்காணித் தங்காள். படுகளத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பப் போகிறவள் பிறந்துவிட்டாள். பங்காளிகள் நிம்மதியாகக் கலைந்தார்கள். பெண்தானே, கட்டிக்கொடுத்தால் போய்விடும், நாடு நமக்குத்தான்.

ஆனால் மருத்துவச்சியின் கண்ணில் படாமல், தங்காளுக்கு முன்பே இரண்டு குழந்தைகள் அந்த அறையில் பிறந்திருந்தன. வந்த வேகத்திலேயே தெய்வத்தின் கை அவர்களை எடுத்துக்கொண்டு, நிலத்துக்கு அடியில் ஒரு வழியாகச் செல்லாத்தாள் கோயிலில் சேர்த்துவிட்டது. மாசி மாதம் சேறு பூசிக்கொண்டு வேண்டுதல் செலுத்தும் பவானிக்காரர்களுக்குச் செல்லாண்டியம்மனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காவல் என்றால் அவளுடைய காவல்தான். ஐந்து வருடம் அந்தப் பையன்கள் வெயிலைப் பார்க்காமல் வளர்ந்தார்கள். மூத்தவன் பொன்னர், பொறுமைசாலி. இளையவன் சங்கர், பிறந்த அன்றே கோபத்தோடு பிறந்தவன்.

இதற்கிடையில் வீரமலைக் காட்டில் இன்னொரு பிறப்பு. ஒரு காட்டுப் பன்றிக் குட்டி. பெயர் கொம்பன். உழுத நிலம் எதைக் கண்டாலும் கொம்பால் கிளறி எறிவதற்கென்றே வளர்ந்த மிருகம். அது யாருக்காக வளர்ந்தது? தங்கள் காட்டை உழவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த வேட்டுவர்களுக்காக. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதையும் குறைக்காமல் இந்தத் தொடரில் எழுதுவேன்.

ஐந்து வருடம் கழித்து, நிலத்தைப் பிளந்துகொண்டு இரண்டு பையன்கள் மேலே வருகிறார்கள். தாங்கள் யார், தங்களைக் கொல்லச் சொன்னவர்கள் யார் என்பது சங்கருக்குத் தெரிந்துவிடுகிறது. பொன்னர் அவன் கையைப் பிடித்துத் தடுக்கிறான். தடுக்க முடிந்ததா? வறுத்த விதைக்குக் கணக்குத் தீர்த்தது யார்? அடுத்த வாரம்.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அண்ணன்மார் கோயிலில் உடுக்கையடித்துக் கதை பாடிய பெரியவர் யாராவது இன்னும் இருந்தால், இந்த வாரமே போய் அவர் முன்னால் உட்காருங்கள். கையில் இருக்கும் போனில் பதிவு செய்யுங்கள். அவர் பாடுகிற கதை நான் எழுதுவதில் இருந்து மாறியிருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்; அதையும் இந்தத் தொடரில் சேர்ப்பேன்.

(தொடரும்)